ஒட்டுத் துணிக் கிணறு

எங்கள் வீரபாண்டியில் கலை விமரிசகனுக்கு வேலை கிடையாது. திருப்பூரிலிருந்து பல்லடம் போகிற சாலையில் பிரிவில் இறங்கி உள்ளே வந்தால் ஒரு பனியன் கம்பெனி, அதை ஒட்டி லைன் வீடுகள், ஒரு பேக்கரி, மறுபடியும் ஒரு பனியன் கம்பெனி. 2011-இல் மாநகராட்சியோடு சேர்த்த பிறகு பெயர்ப் பலகைகள் மாறின. மற்றபடி ஊர் அதே ஊர்தான். படம் என்றால் காலண்டர்ப் படம், சிற்பம் என்றால் கோயில் தூண். நான் கதை எழுதுகிறவன் என்பதை ஊரில் பாதிப்பேர் மன்னித்துவிட்டார்கள். மீதிப்பேருக்கு அது தெரியாது. இப்படிப்பட்ட ஊரில் போன வருஷம் ஒரு கலைப் படைப்பைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். சொன்னேன். சொன்னது தப்பு. அந்தத் தப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

படைப்பு என்று நான் சொல்வது ஒரு குழந்தைப் போர்வையை. இரண்டரை அடி அகலம், மூன்றடி நீளம். கட்டிங் மேஜையிலிருந்து விழுகிற துண்டுத் துணிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைத்து, ஒரு படமாகச் செய்திருந்தது. ஒரு வேப்ப மரம், ஒரு கிணறு, ஒரு ஆடு. செய்தவர் எங்கள் எதிர் லைனில் இருக்கும் அக்கா. ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். மகளுக்குப் பிரசவம் ஆகி, பேத்தி பிறந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. மகள் கைப்போனில் யாரோ வெளிநாட்டுப் பெண்கள் செய்த படப் போர்வைகளைக் காட்டியிருக்கிறாள். “இதென்ன பெரிய வித்தையா? நம்ம ஊர்ல இல்லாத துணியா?” என்று அக்கா ஆரம்பித்துவிட்டார்.

துணி இல்லை என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல முடியாது. தெருவுக்கு ஒரு வேஸ்ட் குடோன் இருக்கிறது. வெள்ளை தனியாக, கலர் தனியாக, பெண்கள் உட்கார்ந்து பிரித்துக்கொண்டே இருப்பார்கள். நல்ல துண்டுகள் மறுபடியும் பஞ்சாகி நூலாகப் போகும். நீளமானவை கால்மிதி பின்னப் போகும். மிச்சம் லாரிப் பட்டறையில் எண்ணெய் துடைக்கப் போகும். அதிலிருந்து ஒரு சாக்கு அக்காவின் வீட்டுக்கு வந்தது.

துணிதான் இருந்ததே தவிர, அக்காவுக்குத் தையல் தெரியும் என்று சொல்வதற்கில்லை. இதைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். இருபத்திரண்டு வருஷம் பனியன் கம்பெனியில் இருந்தவர். கைமடியாகச் சேர்ந்து, ஓவர்லாக் மிஷினில் டைலராகி, சீசன் காலத்தில் ஒன்றரை ஷிப்டும் இரண்டு ஷிப்டும் பார்த்தவர். ஆனால் அவர் தைத்ததெல்லாம் சைடு. வலப்பக்கம் ஒரு ஓட்டம், இடப்பக்கம் ஒரு ஓட்டம், அடுத்த பீஸ். கழுத்துப் பட்டி வேறொருவர், கை வேறொருவர், அடி மடிப்பு வேறொரு மிஷின். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு முழு பனியனை ஆரம்பம் முதல் முடிவு வரை அவர் தைத்ததே இல்லை. அவர் வாழ்க்கையில் தனியாக ஆரம்பித்துத் தனியாக முடித்த முதல் தையல் வேலை இந்தப் போர்வைதான். இதை நான் அப்போது யோசிக்கவில்லை. விமரிசனம் செய்கிறவன் யோசிக்க வேண்டிய முதல் விஷயம் இது.

போர்வையை என் வீட்டுத் திண்ணையில் விரித்துக் காட்டினார். “தம்பி, நீங்க புஸ்தகமெல்லாம் படிக்கறவங்க. எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க. பொய் சொல்லக் கூடாது” என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் வருத்தமான விஷயம்.

படத்தை முதலில் வர்ணித்துவிடுகிறேன். அந்த முதல் படம் இப்போது இல்லை. என் நினைவில்தான் இருக்கிறது. கீழே மண் நிறத்தில் ஒரு பட்டை. அதன் மேல் வலது பக்கம் மரம், பக்கவாட்டில் பார்க்கிற மாதிரி, அடிமரமும் கிளையுமாக நிற்கிறது. இலைகள் ஒரு விரல் நீளத் துண்டுகள். ஒரு முனையை மட்டும் தைத்து மறு முனையைச் சும்மா விட்டிருந்தார். சிங்கிள் ஜெர்ஸி துணியை வெட்டினால் அதன் ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும் என்பது எங்கள் ஊர்ப் பையன்களுக்குக்கூடத் தெரியும். அந்த இலைகளும் சுருண்டு, குழல் குழலாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இடது பக்கம் கிணறு. மரம் நிற்கிற தரையில்தான் கிணறும் இருக்கிறது, ஆனால் அதன் வாய் முழு வட்டம். மேலே இருந்து எட்டிப் பார்க்கிற மாதிரி. சுற்றுச் சுவருக்கு, நூலிலேயே வெள்ளையும் கறுப்பும் கலந்து வரும் அந்தச் சாம்பல் நிற மெலாஞ்ச் துணி. அதைப் பார்த்தால் கருங்கல் என்று சத்தியம் செய்யலாம். உள்ளே தண்ணீர். தண்ணீரின் நிறம் பழுத்த நாவல்பழ நிறம். கறுப்பில் ஊதாவும் சிவப்பும் கலந்தது. ஆடு வெள்ளை. நான்கு காலும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில், கம்பெனி பெஞ்சு மாதிரி நின்றது.

நான் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு சொன்னேன். கிணற்றுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் வாய் வட்டமாகத் தெரியாது, முட்டை வடிவமாகத்தான் தெரியும் என்றேன். தண்ணீர் நீலமாகவோ, கொஞ்சம் பச்சையாகவோ இருந்தால் பார்த்தவுடன் தண்ணீர் என்று தெரியும் என்றேன். இலைகள் பாதியில் விட்ட மாதிரி இருக்கின்றன, முழுவதும் தைத்துவிட்டால் சுத்தமாக இருக்கும் என்றேன். ஆட்டின் காலைப் பற்றியும் சொன்னேன். அக்கா ஒவ்வொன்றுக்கும் “சரிங்க தம்பி” என்றார். கிணற்றைப் பற்றிச் சொன்னபோது மட்டும் ஒரு வார்த்தை பேசினார்: “கெணறுன்னா எட்டிப் பாத்தாத்தானுங்க கெணறு.” நான் அதற்குப் புன்னகை செய்தேன் என்று நினைக்கிறேன்.

பத்து நாளில் திருத்தி எடுத்து வந்தார். கிணறு முட்டை வடிவமாகி, நீலத் தண்ணீர் ஒரு கீற்றாகத் தெரிந்தது. இலைகளை இஸ்திரி போட்டுத் தட்டையாக்கிச் சுற்றிலும் தைத்திருந்தார். ஆட்டின் கால்கள் முன்னும் பின்னுமாக நகர்ந்து, ஆடு இப்போது நடந்தது. ஆட்டைத் தவிர அந்தப் படத்தில் எல்லாம் செத்துப்போயிருந்தன. பள்ளிக்கூடச் சுவரில் பெயின்டர் எழுதுகிற இயற்கைக் காட்சி மாதிரி ஆகியிருந்தது. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் “இப்போது நன்றாக இருக்கிறது” என்றேன். அது பொய்.

அதற்குப் பிறகுதான் துணிப் படங்களைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சொல்வதற்கு முன் படித்திருக்க வேண்டும்.

ஹேரியட் பவர்ஸ் என்று ஒரு கறுப்பினப் பெண்மணி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் 1837-இல் அடிமையாகப் பிறந்து, 1910-இல் இறந்தவர். அவர் கைப்பட்ட இரண்டு படப் போர்வைகள் இன்றும் இருக்கின்றன. ஒன்று வாஷிங்டன் ஸ்மித்ஸோனியனில், மற்றது பாஸ்டன் கலைக்கூடத்தில். அவற்றை நான் அச்சுப் படமாகத்தான் பார்த்தேன். அதுவே போதுமானதாக இருந்தது. ஆதாம் ஏவாளும், ஏசு சிலுவையில் அறையப்பட்டதும், தூரப் பார்வை, கிட்டப் பார்வை என்கிற கணக்கே இல்லாமல் கட்டம் கட்டமாக நிற்கிறார்கள். மனிதன் அளவுக்கு நட்சத்திரம், மிருகம் அளவுக்கு மனிதன். கடைசி விருந்தில் யூதாஸுக்கு மட்டும் மங்கின நிறத்துணி. அது வெளிச்சத்தின் நிறம் இல்லை, அவனைப் பற்றிய தீர்ப்பு. பாஸ்டனில் இருக்கும் போர்வையில் 1833 நவம்பரில் வானத்திலிருந்து நட்சத்திரங்கள் மழையாக உதிர்ந்த இரவு இருக்கிறது. அந்த இரவு அவர் பிறப்பதற்கு நான்கு வருஷம் முந்தியது. பெரியவர்கள் சொல்லக் கேட்டதைத் தைத்திருக்கிறார். நாவலாசிரியனுக்கு இதில் பொறாமைப்பட நிறைய இருக்கிறது.

முதல் போர்வையை 1886-இல் ஏதென்ஸ் என்கிற ஊரில் நடந்த பருத்திச் சந்தையில் வைத்திருந்தார். ஜென்னி ஸ்மித் என்ற வெள்ளைக்காரச் சித்திர ஆசிரியை அதைப் பார்த்து விலைக்குக் கேட்டாள். பவர்ஸ் தரவில்லை. சில வருஷம் கழித்துக் கையில் காசில்லாதபோது அவரே கொண்டுபோனார். பத்து டாலர் கேட்டு, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். அதன் பிறகு அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டுப் போக அந்த வீட்டுக்குப் பல தடவை வந்திருக்கிறார். ஜென்னி ஸ்மித் செய்த ஒரு நல்ல காரியம், ஒவ்வொரு கட்டத்தையும் பற்றிப் பவர்ஸ் சொல்லச் சொல்ல எழுதி வைத்துக்கொண்டது. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் யூதாஸின் துணியைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்காது. அவள் முறையாகப் படித்த சித்திரக்காரி. யாராவது பார்வைக் கோணத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்க வேண்டுமானால் அவள்தான் எடுத்திருக்க வேண்டும். அவள் விலையைப் பாதியாக்கினாள். படத்தில் கை வைக்கவில்லை. நான் காசு எதுவும் கேட்கவில்லை, படத்தைப் பாதியாக்கிவிட்டேன்.

நம் தேசத்துக்கு வந்தால், வங்காளத்துக் காந்தா இருக்கிறது. பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூலை உருவி, ஓட்டுத் தையலில் உருவங்களைத் தைப்பது. ஜஸிமுத்தீன் 1929-இல் எழுதிய ‘நக்ஷி காந்தார் மாட்’ என்கிற கதைக் காவியத்தில், புருஷன் ஊரை விட்டு ஓடிப்போன பிறகு சாஜு என்கிற பெண் தன் வாழ்க்கை முழுவதையும் ஒரு காந்தாவில் தைத்து, அதைத் தன் சமாதியின் மேல் விரிக்கச் சொல்லிவிட்டு இறந்துபோகிறாள். பிறகு அங்கே அந்தக் காந்தாவைப் போர்த்துக்கொண்டு ஒருவன் செத்துக் கிடக்கிறான். கதையாக அது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் போர்வை என்பது படுத்துக்கொள்ளவும் போர்த்திக்கொள்ளவும் ஆனது, சுவரில் மாட்டிப் பார்ப்பதற்கல்ல என்பதை அது மறக்கவில்லை. காந்தாவைத் தரையில் விரித்து வைத்துத்தான் தைக்கிறார்கள். இந்தப் பக்கம் உட்கார்ந்தால் யானை நேராக நிற்கும், எதிர்ப்பக்கம் உட்கார்ந்தால் தலைகீழாக நிற்கும். அதற்கு மேல் பக்கம், கீழ்ப் பக்கம் கிடையாது. பேத்தியைப் படுக்க வைக்கிற துணிக்கு மட்டும் ஏன் இருக்க வேண்டும்? கிணற்றை மேலே இருந்தும் மரத்தைப் பக்கத்தில் இருந்தும் காட்டியது பிழை என்றால், அந்தப் பிழை முசாபர்பூர் ஜில்லாவில் இருக்கிறது, வங்காளத்தில் இருக்கிறது, ஜார்ஜியாவில் இருக்கிறது.

முசாபர்பூர் என்றேன். பீகாரில் அந்த ஜில்லாவின் புஸுரா கிராமத்துப் பெண்கள் சுஜனி தைக்கிறார்கள். பழைய காலத்தில் பிறந்த குழந்தையை வாங்கிக்கொள்ளப் பழந்துணியைச் சேர்த்துத் தைத்த சமாசாரம் அது. 1980-களின் கடைசியில் புத்துயிர் கொடுத்த பிறகு, அதில் வரதட்சிணையும், குடிகார புருஷனும், பெண் சிசுவைக் கொல்வதும் படமாக வர ஆரம்பித்தன. சிலி தேசத்தில் 1973 செப்டம்பரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, காணாமல் போனவர்களின் தாய்மார்களும் மனைவிமாரும் சாக்குத் துணியின் மேல் துண்டுத் துணி ஒட்டி ‘அர்பியேரா’ என்ற படங்கள் செய்தார்கள். பின்னால் மலை, மேலே சூரியன், கீழே வாசலில் நின்று “எங்கே?” என்று கேட்கிற சின்னச் சின்னத் துணிப் பொம்மைகள். இவற்றையெல்லாம் அழகாக இருக்கின்றன என்று யாரும் பாராட்டினால் எனக்குக் கோபம் வரும். அழகாகவும் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

தமிழில் இந்த வேலைக்குப் பெருமையான ஒரு பெயர் இல்லாததை அப்போதுதான் கவனித்தேன். மராட்டியர்களுக்கு கோதடி இருக்கிறது, வட கன்னடத்தில் கவுதி இருக்கிறது. அங்கேயே எல்லாப்பூர், ஹளியாள் பக்கத்துச் சித்திப் பெண்கள், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் சந்ததி, மூலைக்கு மூலை ‘பூலா’ என்று ஒரு மடிப்புப் பூவைத் தைக்காவிட்டால் போர்வை முடியாது என்பார்கள். நம்மிடம் இருப்பது ‘ஒட்டு’. ஒட்டுப் போட்ட துணி என்றால் ஏழ்மை, வெட்கம். விருந்தாளி வந்தால் ஒளித்து வைக்கிற சாமான். சென்னிமலைப் போர்வையையும் பவானி ஜமக்காளத்தையும் எடுத்து விரிப்பார்கள். ஆனால் இதே வேலையை, வெட்டின துணி உருவத்தை இன்னொரு துணியின் மேல் வைத்துத் தைக்கிற இதே ஒட்டு வேலையை, தஞ்சாவூரில் தேர்ச்சீலையாகவும் தொம்பையாகவும் செய்து சுவாமிக்குச் சுற்றுகிறோம். சித்திரையில் அவிநாசித் தேர் அசைந்து வரும்போது சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகத் துணிகள் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். தொம்பையில் இருக்கிற யாளிக்கும் மயிலுக்கும் தூரக் கணக்கு உண்டா? தெருக் கோடியில் நிற்கிறவனுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். மனிதனுக்குப் போட்டால் ஒட்டு, தேருக்குப் போட்டால் சீலை. அதை ஒருநாளும் பிழை என்று சொல்லாத நான், அக்காவின் திண்ணைப் படத்தில் பிழை கண்டுபிடித்தேன்.

புத்தகம் படித்தது போதாது என்று தோன்றியது. அக்காவிடமே அரைச் சாக்கு துண்டுத் துணி கேட்டு வாங்கி, நானும் ஒரு சின்னப் படம் செய்ய உட்கார்ந்தேன். ஒரு அடிச் சதுரம். ஒரு காக்கை, ஒரு மின்கம்பி. பதினைந்து நாள் ஆயிற்று. வீட்டில் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பதினைந்து நாளில் கற்றுக்கொண்டது, நான் பார்க்காமல் விட்ட உண்மையான பிழைகள் எவை என்பதை.

நெய்த துணி வேறு, பின்னின துணி வேறு. வேட்டித் துணியில் நூல் நீளமும் குறுக்குமாக ஓடுகிறது, இழுத்தால் வராது. பனியன் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது. இழுத்தால் வரும், அதுவும் அகலவாக்கில் அதிகமாக வரும். ஒரு துண்டை அகலவாக்கிலும் பக்கத்துத் துண்டை நீளவாக்கிலும் வைத்துத் தைத்தால் இரண்டும் இரண்டு விதமாக இழுத்துக்கொண்டு, நடுவில் அப்பளம் மாதிரி பொங்கும். என் காக்கை அப்படித்தான் பொங்கியது. அக்காவின் போர்வையும் கிணற்றுக்குக் கீழே பொங்கியிருந்தது. எனக்குத்தான் அது கண்ணில் படவில்லை. அடித்துணியாக ஒரு பழைய வேட்டியைப் போட்டிருந்தால் இந்தத் தொந்தரவு பாதி குறைந்திருக்கும். அக்கா அடியிலும் இன்டர்லாக் துணியையே போட்டிருந்தார். மேல் துணி, நடுவில் வைக்கிற பழஞ்சேலை, அடித்துணி, மூன்றையும் தரையில் விரித்து, சுருக்கம் இல்லாமல் கையால் தடவி, சாண் அளவுக்கு ஒரு ஊக்குக் குத்திவிட்டு, அதன் பிறகுதான் தைக்க ஆரம்பிக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துப் போக வேண்டும்; ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து மாட்டிக்கொள்ளும். துணியைப் பிடித்து இழுக்கவே கூடாது. அது போகிற போக்கில் விட வேண்டும். கூர் ஊசி கண்ணியை அறுத்து, ஓட்டை வரிசையாகப் பிரிந்துகொண்டே போகும். கம்பெனியில் போடுகிற மழுங்கின முனை ஊசி கண்ணிக்கு நடுவில் விலக்கிக்கொண்டு போகும். இது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இரண்டு ஓட்டை விழுந்த பிறகு தெரிந்தது.

இன்னொன்று சாயம். அடர்ந்த சிவப்பையும் ஊதாவையும் வெள்ளையோடு சேர்ப்பதற்கு முன், ஒரு கிண்ணத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பார்க்க வேண்டும். வெட்டின துண்டு எந்தச் சாயப்பட்டறையில் எத்தனை அலசு கண்டதோ, யாருக்குத் தெரியும்? துணியில் பிடிக்காத சாயம் தண்ணீரில் இறங்கும். நான் சொல்லியிருக்க வேண்டியவை இவைதான். குழந்தையின் போர்வை தினமும் தோய்க்கிற போர்வை.

பனியன் துணிக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. நெய்த துணி மாதிரி அதன் ஓரம் இழை இழையாகப் பிரியாது. ஆகவே மடித்துத் தைக்க வேண்டியதில்லை. வெட்டினது வெட்டினபடி நிற்கும், சுருளும். அலபாமா மாநிலத்தில் ப்ளாரன்ஸ் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் டீ-ஷர்ட் கம்பெனிகளால் வாழ்ந்து, அவை வெளிநாட்டுக்குப் போன பிறகு வெறிச்சோடின ஊர். அங்கே பிறந்த நாட்டலி சானின் என்ற பெண்மணி 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் பழைய பனியன் துணியைக் கையால் தைத்து, அந்த மடிக்காத ஓரத்தையே அழகாக்கி உலகத்துக்கு விற்றார். நான் பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது என்று சொன்ன அக்காவின் இலைகள் அதே ரகம். வெயிலில் காய்ந்த வேப்பிலை சுருண்டுதான் இருக்கும். துணி தானாகவே வேப்பிலை ஆகியிருந்தது. அதை நான் இஸ்திரி போட வைத்தேன்.

இந்த இடத்தில் எல்லாவற்றையும் பாராட்டிவிடுகிற ரஸிகர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ஆரம்பக்காரர் செய்தது, பாமர மக்களின் கலை, ஆகவே எல்லாம் அற்புதம் என்பார்கள். அது மரியாதை இல்லை. அலட்சியத்தின் இன்னொரு உருவம். ஆட்டின் கால் பெஞ்சு மாதிரி இருந்தது பிழைதான். அக்காவே அதை ஒப்புக்கொண்டார். “அவசரத்துல வெட்டிப்புட்டேனுங்க” என்றார். அவர் நினைத்தது ஒன்று, கை செய்தது வேறு. கிணறு அப்படி இல்லை. அங்கே அவர் நினைத்ததும் கை செய்ததும் ஒன்றே. இரண்டையும் நான் ஒரே தராசில் போட்டேன். அவர் எதை நினைத்தார் என்று கேட்கவில்லை.

கேட்டேன், நான்கு மாசம் கழித்து. பேத்திக்கு மொட்டை அடித்துக் காது குத்தின விருந்தன்று.

“அக்கா, முதல்ல தண்ணிக்கு ஏன் அந்த நாவல்பழக் கலர் வெச்சீங்க?”

“எங்க ஊருக் கெணத்துத் தண்ணி அந்தக் கலர்தானுங்க தம்பி.”

அவர் பிறந்த ஊர் நொய்யல் கரையில், ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். 1990-களின் தொடக்கத்தில் பாசனத்துக்காகக் கட்டின அணை அது. பாசனத் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் திருப்பூரின் சாயத் தண்ணீர் நின்றது. கிணறுகளில் உப்பு ஏறியது. தென்னை காய்ந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு போட்டு, கழிவு நீரை முழுவதும் சுத்தம் செய்து திரும்ப உபயோகிக்க ஏற்பாடு செய்தவர்களே மறுபடி திறக்க முடிந்தது. அதெல்லாம் செய்தித்தாளில் வந்தது. அக்காவின் அப்பாவுக்கு இருந்த ஒன்றரை ஏக்கரும் ஒரு கிணறும் செய்தித்தாளில் வரவில்லை. விவசாயம் நின்ற பிறகுதான் அவர் கைமடி வேலைக்குத் திருப்பூர் வந்தது. எந்தச் சாயம் கிணற்றைக் கெடுத்ததோ அந்தச் சாயம் ஏறின துணியை இருபத்திரண்டு வருஷம் தைத்து, கடைசியில் அதே துணியை வெட்டிக் கிணற்றுக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார். இதை ஒரு சாமர்த்தியமாக அவர் செய்யவில்லை. சாக்கிலிருந்து அந்தத் துண்டு கையில் வந்ததும், “அட, நம்ம கெணறு” என்று தோன்றியதாகச் சொன்னார்.

“அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாமே அக்கா?”

“நீங்க நீலம்னு சொன்னீங்க. கொழந்தை படுக்கறதாச்சே, நல்ல தண்ணியா இருக்கட்டும்னு நெனச்சனுங்க.”

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? ஒரு விதத்தில் அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. பேத்திக்குக் கெட்ட தண்ணீரை எதற்குக் காட்ட வேண்டும்? அலபாமாவில் கீஸ் பெண்ட் என்கிற கிராமத்தில் மிஸ்ஸூரி பெட்வே என்ற பெண் 1942-இல் இறந்துபோன புருஷனின் வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு போர்வை செய்தாள். அவன் ஞாபகத்துக்காக, அதற்குள் படுத்துக்கொள்வதற்காக. அந்தக் கிராமத்துப் போர்வைகள் 2002-இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய கலைக்கூடங்களின் சுவரில் தொங்கின. விமரிசகர்கள் நவீன ஓவியம் என்றார்கள். அவள் சுவரை நினைத்துச் செய்யவில்லை. ஞாபகத்தை எடுத்துப் போர்த்திக்கொள்வதா, மடித்து உள்ளே வைப்பதா என்பதைத் தைக்கிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். அக்காவுக்காக நான் முடிவு செய்துவிட்டேன் என்பதுதான் என் மேல் எனக்கு இருக்கிற புகார்.

பழைய வட்டத்தை, அந்த நாவல்பழத் தண்ணீரை, என்ன செய்தார் என்று கேட்டேன். வேண்டுமானால் திரும்பத் தைத்துவிடலாமே என்கிற அசட்டு எண்ணம் எனக்கு. அக்கா சமையலறையைக் காட்டினார். அடுப்புக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மெலாஞ்ச் சுவரோடு சேர்த்து அப்படியே வெட்டி, பின்னால் இன்னொரு துணி கொடுத்து, பாத்திரம் இறக்கப் பிடிதுணி ஆக்கியிருந்தார். ஒரு பக்கம் பால் பட்டுக் காய்ந்து, ஒரு ஓரம் கருகியிருந்தது. கையில் எடுத்துப் பார்த்தேன். தையல் விடவில்லை. நடுவில் இருந்த ஊதா, வெளிச்சத்தில் திருப்பினால் சிவப்பாகவும் கறுப்பாகவும் மாறியது.

நீலத் தண்ணீர் முதல் தோய்ப்பிலேயே இறங்கி, ஆட்டின் கால் நான்கும் இளநீலமாகிவிட்டன. பேத்திக்கு அந்த ஆடுதான் பிடிக்கிறது; தூங்கும்போது அதன் காலைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள்.

இப்போது அக்கா இரண்டாவது போர்வை ஆரம்பித்திருக்கிறார். அடித்துணிக்கு என் பழைய வேட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். என்ன படம் என்று கேட்டேன். “முடிஞ்சப்புறம் காட்டறனுங்க தம்பி” என்று சொல்லிவிட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டார்.